சக்கரத்துக்கு ஒரு கணக்கு, மண்வெட்டிக்கு ஒரு கணக்கு

இங்கிலாந்தில் பொதுமக்கள் உரிமையோடு போய்வரக்கூடிய வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,88,700 கிலோமீட்டர். அதில் 1,46,600 கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு மட்டும். குதிரைவழி 32,400, மோட்டார் போகாத வண்டிப்பாதை 6,000, எந்த வண்டியும் போகலாம் என்ற மண்பாதை 3,700. சைக்கிளுக்கு உரியவை பின்னால் வந்த மூன்றும்தான். கூட்டினால் 42,100 கிலோமீட்டர், நூற்றுக்கு 22. மீதி 78 பங்கில் மலைச் சைக்கிளை உருட்ட நிலத்துக்காரர் மனம் வைக்க வேண்டும்.

பல நல்ல மலைகளிலும் காடுகளிலும் அந்த நிலத்துக்காரர் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை. நேஷனல் டிரஸ்ட்டிடம் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஹெக்டேர் இருக்கிறது. உறுப்பினர்கள் 50 லட்சத்துக்கு மேல். 1895-இல் அது தொடங்கியபோது கைக்கு வந்த முதல் நிலம், வேல்ஸில் பார்மவுத் ஊருக்கு மேலே ஐந்து ஏக்கர்கூட நிறையாத ஒரு சரிவு. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கைமாற்ற முடியாதது என்று அறிவித்த நிலத்தை டிரஸ்ட் விற்க முடியாது. ஆகவே வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. பாதை பழுதுபார்ப்பது என்றைக்கும் தீராத செலவு.

இந்தச் செலவில் சைக்கிளின் பங்கு எவ்வளவு என்பதுதான் சண்டை. 1968-ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு குதிரைவழிகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: சைக்கிள் போவதற்கு வசதியாகப் பாதையைச் செப்பனிட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. உரிமையைக் கொடுத்துவிட்டுச் செலவை எவர் தலையிலும் எழுதாமல் விட்ட சட்டம் அது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் திறந்தவெளியாக்கியது. அந்த உரிமையும் கால்நடையாகப் போகிறவர்களுக்கே.

சக்கரம் உண்மையிலேயே காலைவிட அதிகம் கெடுக்கிறதா? ஊகத்தில் பேச வேண்டியதில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் 108 சிறு துண்டுகளை எடுத்துக்கொண்டு வில்சன், செனி இருவரும் நடத்திய ஆய்வு 1994-இல் வெளியானது. நனைத்த பாதையில் குதிரைக் குளம்பும் மனிதக் காலும் பெயர்த்த மண், சக்கரம் பெயர்த்ததைவிட அதிகம். 2001-இல் வந்த கனடா ஆய்வில் தர்ஸ்டன், ரீடர் இருவரும் ஒன்டாரியோவின் ஒரு காட்டில் 500 முறை வரை நடக்கவும் சைக்கிள் விடவும் செய்து பார்த்தார்கள். செடி அழிவிலும் மண் வெளிப்படுவதிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேதம் பாதையின் நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது செடிகள் பெரும்பாலும் மீண்டிருந்தன.

விலங்குகளின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். யூட்டாவில் ஆன்டிலோப் தீவில் டெய்லர், நைட் செய்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், பாதையிலிருந்து 100 மீட்டருக்குள் நின்ற காட்டெருமையும் மானும் மிரண்டு ஓட 70 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. வந்தவர் நடந்து வந்தாரா, சைக்கிளில் வந்தாரா என்பது பெரிய மாற்றம் செய்யவில்லை. ஆனால் சைக்கிள்காரர்கள் இதைக் கேட்டுக் கைதட்டிவிட வேண்டாம். ஒரு மதியத்தில் நடப்பவர் கடக்கும் தூரத்தைப் போலச் சிலமடங்கு அவர்கள் கடக்கிறார்கள். கிலோமீட்டருக்குச் சேதம் சமம் என்றால், ஆளுக்குச் சேதம் சமமாகாது.

பெரிய நஷ்டம் வேறு பத்தியில் கிடக்கிறது. அனுமதி இல்லாத காட்டில் ஆட்கள் இரவோடு இரவாக மண்வெட்டி கொண்டுபோய்க் குழி தோண்டி, தாவுவதற்கு மேடு கட்டுகிறார்கள். பிரிட்டனில் தொல்காடு என்று சொல்லப்படுவது மொத்த நிலத்தில் இரண்டரை விழுக்காடுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600-ஆம் ஆண்டிலிருந்து, ஸ்காட்லாந்தில் 1750-இலிருந்து, தொடர்ந்து காடாக இருந்தால்தான் அந்தப் பெயர். அங்கே பூக்கும் நீலமணிச் செடி, விதையிலிருந்து பூவுக்கு வரவே ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். நானூறு ஆண்டு கலையாத மண்ணை ஒரு வார இறுதியில் புரட்டிப் போட்டால் அதற்கு எந்த விலைப்பட்டியலும் இல்லை. 1972-இல் தொடங்கிய உட்லண்ட் டிரஸ்ட் சைக்கிள் விஷயத்தில் கையை இறுக்கி வைத்திருப்பது இதனால்தான். அதில் நான் அவர்கள் பக்கம்.

மற்ற இடங்களில் வெறும் மறுப்பு எதையும் மிச்சப்படுத்துவதாகத் தெரியவில்லை. வேல்ஸின் 1,085 மீட்டர் உயர ஸ்னோடனைப் பாருங்கள். அதன் தென்சரிவில் உள்ள ஹஃபோட் அ லான் பண்ணையை 1998-இல் நேஷனல் டிரஸ்ட் வாங்கியபோது நடிகர் ஆன்டனி ஹாப்கின்ஸ் 10 லட்சம் பவுண்டு கொடுத்தார். மலை உச்சிக்குப் போகும் குதிரைவழிகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, காலை 10 முதல் மாலை 5 வரை சைக்கிள் வேண்டாம் என்று ஒரு மனமொத்த ஏற்பாடு. 153 நாள், நாளுக்கு 7 மணி: 1,071 மணி நேரம். ஆண்டின் 8,760 மணியில் இது 12 விழுக்காடு. கூட்ட நேரத்தை மட்டும் விட்டுக்கொடுத்து மீதி 88-ஐ வைத்துக்கொண்டார்கள். இதற்கு வேலி வேண்டாம், வழக்கு வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் கேள்வியே எழவில்லை. 2003-இல் இயற்றி 2005-இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் நடந்தோ சைக்கிளிலோ போகலாம் என்கிறது. 1,345 மீட்டர் பென் நெவிஸின் உச்சி 2000 முதல் ஜான் மியூர் டிரஸ்ட்டுடையது. 29,000 ஹெக்டேர் மார் லாட்ஜ் 1995 முதல் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட்டுடையது. இரண்டிலும் சைக்கிள்காரர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பாதையை முறையாகப் போட்டால் பழுது குறையும். அதற்கான வாய்பாடு எளியது: சராசரிச் சாய்வு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, எந்த இடத்திலும் மலைச்சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 16 என்றால் பாதை 8. மீறினால் மழைநீர் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். கார்ன்வாலில் லன்ஹைட்ராக் மாளிகை நிலத்தில் நேஷனல் டிரஸ்ட்டே தரம் பிரித்துச் சைக்கிள் தடங்கள் போட்டு, வாடகைச் சைக்கிளும் வைத்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அறக்கட்டளைகள் தம் ஆண்டறிக்கையில் இரண்டு தொகைகளைத் தனித்தனியாக அச்சிடட்டும்: அனுமதித்த தடங்களைப் பராமரிக்க ஆன செலவு, கள்ளத் தடங்களை மூட ஆன செலவு. சைக்கிள் சங்கங்கள் முதல் தொகையில் தங்கள் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ கட்டிவிட்டுப் புது வழி கேட்கட்டும்.