கறிவேப்பிலையில் ஒரு காட்டர்பி

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் கொல்லை நீளம். கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது நிற்கும். ரசத்துக்கு இரண்டு ஈர்க்கு கிள்ளப் போனால், சில நாள் விரலில் மெத்தென்று ஏதோ தட்டுப்படும். இலையின் அதே பச்சையில் ஒரு புழு. நாம் பயந்து கையை உதறினால் அதுவும் பயந்துகொள்ளும். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்சிவந்த கொம்பு ஒன்று கவண் கிளைபோலப் பிரிந்து வெளியே நீளும். கூடவே ஒரு நாற்றம், அழுகிய எலுமிச்சையை நினைவூட்டுகிற மாதிரி. சில விநாடிகளில் கொம்பு உள்ளே போய்விடும்.

பெரியவர்கள் இதைக் குச்சியால் தட்டி எறிவார்கள். தொலைக்காட்சி பார்க்கிற பையன் வேறு விதமாகக் கத்துவான்: "ஐ, காட்டர்பி!"

அவன் சொல்வது சரிதான். போக்கிமான் தொடரில் வரும் காட்டர்பி பச்சைப் புழு. பெரிய கண், தலையில் சிவப்புக் கொம்பு, எதிரி வந்தால் கொம்பிலிருந்து துர்நாற்றம். வரைந்தவர்கள் இப்படிப்பட்ட ஒரு புழுவைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. போக்கிமான் என்பது 'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கம். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கான விளையாட்டாக வந்தது. அதில் 151 விசித்திர ஜீவன்கள். காடு மேடெல்லாம் அலைந்து அவற்றைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், நண்பனோடு மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது தொலைக்காட்சித் தொடரானது. 2003-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

விளையாட்டை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. தோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்தவர். சிறு வயதில் பூச்சிப் பைத்தியம். கூட்டாளிகள் அவரை 'பூச்சி டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள். மற்ற பையன்கள் மரப்பட்டையில் தேன் தடவி வண்டு பிடித்தபோது, இவர் மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுவைப்பாராம். பகலில் வண்டு கல்லுக்கடியில் தூங்கும் என்று கண்டுவைத்திருந்தார். பிறகு வயல்களும் குளங்களும் தூர்ந்து கட்டடங்கள் எழும்பின. பூச்சி தேடி அலைந்த சுகம் நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இந்த விளையாட்டு. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் வயரைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து அந்தப் பக்கம் போவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஜீவன்களை மாற்றிக்கொள்ளும் யோசனை அப்படிப் பிறந்தது. தொடரின் நாயகன் ஆஷுக்கு ஜப்பானியப் பதிப்பில் பெயர் சதோஷி.

இனி நம் கொல்லைக்கு வருவோம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நாம் பார்க்கிற இந்தப் புழு பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி. இரண்டும் வண்ணத்துப்பூச்சிகளே. முட்டையிலிருந்து வந்த புதிதில் புழு பச்சையாக இருக்காது. பழுப்பும் வெள்ளையுமாக, அசல் காக்கை எச்சம். எச்சத்தை எந்தக் குருவி கொத்தித் தின்னும்? நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போதுதான் பச்சைச் சட்டை. அதற்குள் உடல் பெருத்துவிடுகிறது. அவ்வளவு பெரிய எச்சத்தை யாரும் நம்பமாட்டார்கள்!

இந்தச் சட்டை மாற்றத்தைத் தீர்மானிப்பது இளமை ஹார்மோன். இதே குடும்பத்து ஜப்பானியப் புழு ஒன்றை வைத்து 2008-ல் ஃபுதஹாஷி, ஃபுஜிவாரா என்ற இருவர் இதைக் காட்டினார்கள். நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் ஹார்மோனைக் குறையவிடாமல் செய்தால், ஐந்தாம் பருவத்திலும் புழு எச்ச வேஷத்திலேயே நின்றுவிடுகிறது.

காட்டர்பியின் பெரிய கண்களைச் சொன்னேன் அல்லவா? நிஜப் புழுவுக்கும் முன்புறம் இரண்டு கண் தெரியும். அவை கண்ணே அல்ல, தோலில் உள்ள வெறும் புள்ளிகள். உண்மையான தலை அவற்றுக்கு முன்னால், சின்னதாகக் குனிந்து இலை தின்றுகொண்டிருக்கும். காட்டர்பி சண்டையில் வாயிலிருந்து நூல் துப்பும். நம் புழுவிடமும் நூல் உண்டு, ஆனால் சிக்கனக்காரன். கூடாகும் வேளையில் தண்டோடு தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் இடுப்புக் கயிற்றுக்காகச் சேமித்து வைத்திருக்கும்.

விளையாட்டில் காட்டர்பி ஏழாம் படியில் மெட்டாபாட் என்ற கூடாகும். பத்தாம் படியில் பட்டர்ஃப்ரீ ஆகிப் பறக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் பரிணாமம். இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். பரிணாமம் ஓர் உயிரின் ஆயுளுக்குள் நடப்பதில்லை. ஆயிரமாயிரம் தலைமுறைகளில் ஓர் இனத்துக்கு நடப்பது அது. புழு வண்ணத்துப்பூச்சி ஆவது உருமாற்றம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டே வளர்ந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் உண்டு.

மெட்டாபாட் சும்மா தொங்கும். தோலை இறுக்கிக்கொள்வதைத் தவிர வேறு வித்தை தெரியாது. பார்க்கிற பையனுக்குக் கொட்டாவி வரும். நிஜக் கூட்டுக்குள்ளோ பெரிய இடிப்பு வேலையும் கட்டுமானமும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இலை தின்ன உதவிய தசைகளும் குடலும் பெருமளவு கரைகின்றன. புழுவாக இருந்தபோதே உடலுக்குள் மொட்டுகளாகப் பதுங்கியிருந்த செல் கூட்டங்கள் கரைந்ததை உண்டு வளர்கின்றன. ஒன்று இறக்கையாகும், ஒன்று காலாகும், ஒன்று உணர்கொம்பாகும். எல்லாமே கூழாகிவிடுவதாகச் சொல்வது மிகை. மூச்சுக்குழல்கள் மிஞ்சுகின்றன, நரம்பு மண்டலத்திலும் ஒரு பகுதி தப்பிக்கிறது.

ஆஷ் பந்தை வீசிப் பிடித்த முதல் ஜீவன் காட்டர்பிதான். அது பட்டர்ஃப்ரீ ஆனபின் துணை தேடிப் பறந்துபோக, ஆஷ் அழுதுகொண்டே வழியனுப்பும் கட்டத்தை அந்தக் காலத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். பறந்துபோனதற்கு இவன் நினைவு இருக்குமா? 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், புகையிலை தின்னும் ஒருவகை அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு ஒரு வாசனையையும் சிறு மின் அதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். கூட்டைவிட்டு வெளிவந்த பூச்சிகளில் பெரும்பாலானவை அந்த வாசனையைக் கண்டு விலகின. புழுவாக இருந்தபோது கற்றது, அத்தனை இடிபாட்டுக்கும் தப்பியிருக்கிறது.

கறிவேப்பிலை அழகியிடம் இன்னொரு வித்தை உண்டு. ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை இவற்றைத் தின்று வளர்கிற ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் உடம்பில் விஷமேற்றிக்கொள்கின்றன. பறவைகள் ஒருமுறை கடித்துவிட்டு அப்புறம் தொடுவதில்லை. விஷமே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில ரோஜா அழகியைப்போலவும், சில சிவப்புடல் அழகியைப்போலவும் இறக்கை உடுத்தித் திரிகின்றன. இன்னும் சில ஆணைப்போலவே இருந்துவிடுகின்றன. ஒரே தாய்க்கு வெவ்வேறு வேஷத்தில் மகள்கள் பிறக்கலாம். இத்தனைக்கும் சாவி ஒரே ஒரு மரபணு என்று 2014-ல், பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட குழு கண்டுபிடித்தது. வேஷத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: இறக்கையை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். உடல் சிவப்பென்றால் அசல். கறுப்பென்றால் நம் கறிவேப்பிலைக்காரி.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால் ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே மேலூருக்குப் போகலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சுமார் 25 ஏக்கரில் விரிந்திருக்கிறது. 2015 நவம்பரில் திறந்தார்கள். புழுவுக்குத் தின்ன ஒரு செடி, பூச்சிக்குத் தேன் குடிக்க ஒரு செடி என்று பார்த்துப் பார்த்து நட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. போனால் பூவை மட்டும் பார்த்துத் திரும்பாமல் இலையைப் புரட்டியும் பாருங்கள். அரளி கண்ணில் பட்டால் அதன் இலையடியைத் தவறவிடாதீர்கள். வெண்புள்ளிக் கருப்பனின் கூடு வெள்ளிக் குண்டுமணிபோலத் தொங்கும். எந்த மெட்டாபாடும் கிட்டே நிற்க முடியாது.

2002-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 109 பிரிட்டிஷ் பள்ளிக் குழந்தைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுக்காரர்கள் போக்கிமான்களில் 78 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். தங்கள் ஊர்ச் செடிகொடி, விலங்குகளில் 53 சதவீதம்தான். கார்ட்டூனைத் திட்டுவதற்கு இதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். என்னைக் கேட்டால் கார்ட்டூனுக்கு நன்றி சொல்ல வேண்டும். நூற்றைம்பது பெயரை மனப்பாடம் செய்கிற தலையில் இன்னும் ஐம்பதுக்கு இடம் உண்டு. சொல்லித்தர நாம்தான் உட்காருவதில்லை.

ஆகவே கறிவேப்பிலைச் செடியில் புழுவைப் பார்த்தால் மருந்து அடிக்காதீர்கள். அது இருக்கிற கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றதில் கிள்ளிக்கொள்ளுங்கள். கூடு கட்டிய பத்து நாள் வாக்கில் அதன் நிறம் கறுத்து, உள்ளே மடிந்திருக்கும் இறக்கை வெளியே தெரியும். மறுநாள் காலையில் பையனைக் கொஞ்சம் சீக்கிரமாக எழுப்பிவிடுங்கள்.