ஹைட்ரஜன் பிணைப்பும் வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களும்

தண்ணீரும் ஹைட்ரஜன் ஸல்பைடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள். முன்னதில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுடன் ஓர் ஆக்ஸிஜன் அணுவும், பின்னதில் அதே இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுடன் ஒரு கந்தக அணுவும் சேர்ந்துள்ளன. கந்தகம் கொண்ட மூலக்கூறே ஏறத்தாழ இருமடங்கு கனமானது. ஆயினும் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடோ பூஜ்யத்திற்குக் கீழ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கழிவுநீர்த் தொட்டிகளில் அது வாயுவாகத் தங்கி, இறங்குவோரின் உயிருக்கு ஊறு விளைவிப்பதும் இதனாலேயே. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

ஆக்ஸிஜன் அணுவில் 8 எலெக்ட்ரான்கள் உள்ளன. உட்கூட்டிலுள்ள 2 எலெக்ட்ரான்களை அணுக்கரு இறுகப் பற்றியிருப்பதால் அவை பிணைப்பில் பங்கு கொள்வதில்லை. வெளிக்கூட்டிலுள்ள 6-ல் இரண்டு, ஹைட்ரஜன் அணுக்களின் எலெக்ட்ரான்களுடன் ஜோடி சேருகின்றன. எஞ்சிய நான்கும் இரண்டு தனி ஜோடிகளாக நிற்கின்றன. பங்கிட்டுக்கொண்ட ஜோடியை ஆக்ஸிஜன் தன்பால் இழுக்கிறது. ஹைட்ரஜனுக்கு உட்கூட்டு எலெக்ட்ரான்களே இல்லை. ஆகவே அதன் கரு ஓரளவு வெளிப்பட்டு, அண்டை மூலக்கூறின் தனி ஜோடியை நாடுகிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரின் தன்மைகளை லாடிமர், ரோடபுஷ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1920-ல் இவ்வகையில் விளக்கினர். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளுடன் இவ்வாறு பிணைந்துள்ளது.

கந்தகத்தின் 16 எலெக்ட்ரான்கள் 2, 8, 6 என அமைந்துள்ளன. வெளிக்கூட்டில் இங்கும் 6 எலெக்ட்ரான்களே. ஆனால் அக்கூடு கருவினின்றும் மேலும் விலகியிருப்பதால் கவர்ச்சி குறைவு. பாலிங் அளவையில் எலெக்ட்ரான் கவர்திறன் ஆக்ஸிஜனுக்கு 3.44, கந்தகத்திற்கு 2.58, ஹைட்ரஜனுக்கு 2.20. இதனால், ஹைட்ரஜன் பிணைப்பு ஃபுளோரின், ஆக்ஸிஜன், நைட்ரஜன் ஆகிய மூன்றுக்கே உரியது என்று பாடநூல்கள் பலவும் விதித்தன. திடநிலை ஹைட்ரஜன் ஸல்பைடில் ஒவ்வொரு மூலக்கூறையும் 12 அண்டை மூலக்கூறுகள் சூழ்ந்திருப்பதும் இவ்விதிக்கு ஆதரவாகத் தோன்றியது.

இவ்விதியை மறு ஆய்வு செய்ததில் பெங்களூருக்குச் சிறப்பான பங்குண்டு. சர்வதேச ரசாயன ஒன்றியம் அமைத்த குழுவொன்று, பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர் இ. அருணன் தலைமையில் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புதிய வரையறை வகுத்தது. அது 2011-ல் வெளியாயிற்று. அவ்வரையறை தனிமங்களின் பட்டியலைத் தரவில்லை. ஹைட்ரஜனைத் தாங்கும் அணு, ஹைட்ரஜனைவிட மிகுந்த எலெக்ட்ரான் கவர்திறன் உடையதாயிருத்தல் வேண்டும். பிணைப்பு ஏற்பட்டதற்குச் சான்றும் இருத்தல் வேண்டும். இவையே அதன் சாரம்.

அச்சான்று ஹைட்ரஜன் ஸல்பைடுக்கும் கிட்டியது. வாயுவை நுண்துளை வழியாக வெற்றிடத்தினுள் பாய்ச்சினால் அது மிகக் குளிர்ந்து, மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேருகின்றன. அந்த ஜோடிகள் சுழலும்போது உட்கொள்ளும் நுண்ணலைகளை அளந்து அவற்றின் வடிவத்தை அறியலாம். அருணனும் உடனாய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் மற்றதன் கந்தகத்தை நோக்கியே நிற்கிறது. தண்ணீர் ஜோடியிலும் அமைப்பு இத்தகையதே. வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகளின் அசைவு இவ்வலிமை குன்றிய பிணைப்பின் திசையைக் குலைத்துவிடுகிறது. பன்னிரண்டு அண்டை மூலக்கூறுகள் சூழ்வதற்கும் இதுவே காரணம்.

ஆகவே, கந்தகத்திற்கு ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை என்று வகுப்பில் கூறுவது பொருந்தாது. பிணைப்பு உண்டு, ஆனால் வலிமையில் குறைந்தது என்று கூறுவதே சரி. மூன்று தனிமங்களின் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதைவிட, வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை, கருவினின்றும் அவை விலகியுள்ள தொலைவு ஆகிய இரண்டையும் கொண்டு பிணைப்பின் வலிமையை மாணவர்களே ஊகித்தறியச் செய்தல் நலம்.