ஒன்பது குப்பி, தொண்ணூறு நாள்

அக்காவின் பிரசவத்துக்கு அம்மா சான் பிரான்சிஸ்கோ புறப்பட்டபோது எழுதிய பட்டியலில் முதல் வரி சாம்பார்ப்பொடி, 2 கிலோ. இன்சுலின் ஏழாவது வரியில் இருந்தது, அளவு போடாமல். அந்த வரியை நான் வாங்கிக்கொண்டேன்.

காலை 22, இரவு 14, ஆக நாளுக்கு 36 யூனிட். தங்குவது 75 நாள், கையிருப்பாக இன்னும் 15 நாள். சொந்த உபயோக மருந்தை 90 நாளுக்கான அளவுக்குள் கொண்டுவரச் சொல்வது அமெரிக்காவின் பொது வழக்கம், அதற்குள் அடங்கியது. 90 × 36 = 3,240 யூனிட். நம் ஊர்க் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் வீதம் 10 மில்லி, அதாவது 400 யூனிட். எட்டு குப்பி போதாது, ஒன்பது வேண்டும்.

குப்பி 160 ரூபாய் வீதம் 1,440. சிரிஞ்சு 180, பத்து ரூபாய் வீதம் 1,800. சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் 200, அதாவது நாலு டப்பா, 4,000. மொத்தம் 7,240 ரூபாய். மருந்தைவிடச் சர்க்கரையை அளந்து பார்க்கத்தான் அதிகம் செலவு. ஸ்டிரிப்பில் மிச்சம் பிடிக்க அம்மா பார்த்தார், நான் விடவில்லை.

சாம்பார்ப்பொடி பெட்டியில் போகலாம், இன்சுலின் போகக் கூடாது. சரக்கு அறையில் உறைந்தால் அதன் வேலை போய்விடும். பெட்டியே வேறு ஊருக்குப் போவதும் உண்டு. ஒன்பது குப்பியும் சேர்ந்தால் 90 மில்லிதான், கைப்பையில் ஒரு மூலை. கூடவே டாக்டர் கடிதம். ஐஸ் கட்டி குப்பியில் நேராகப் படாமல் துணி சுற்றினோம்.

இனி கடிகாரம். கோடையில் சென்னைக்கும் கலிபோர்னியாவுக்கும் 12½ மணி வித்தியாசம். இங்கே காலை 7 என்றால் அங்கே முந்தின நாள் மாலை 6.30. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறவருக்கு நேரம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், 22-ம் 14-ம் மட்டும் இடம் மாறும். விமானத்தில் வரும் அந்த ஒரு வேளைக்கு 22-க்குப் பதில் 14 என்று டாக்டர் எழுதித் தந்தார். இது அம்மாவின் மருந்துக்கான கணக்கு. மற்றவர்கள் அவரவர் டாக்டரிடம் கேட்க வேண்டும். சாப்பாட்டை ஒட்டிப் போடும் ஊசியை, தட்டு கைக்கு வருமுன் போட வேண்டாம் என்பது மட்டும் பொது. விமானம் குலுங்கினால் தட்டு அரை மணி தாமதமாகும். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல், தரையில் இருப்பதில் முக்கால் பங்கு வரை இறங்கும். ஆகவே மருந்தை இழுக்குமுன் குப்பிக்குள் வழக்கமாக ஏற்றும் காற்றில் பாதி போதும்.

"இவ்வளவு சுமப்பானேன்? வால்மார்ட்டில் குப்பி 25 டாலர்தானே" என்றார் அத்தான். நாலு குப்பி, 100 டாலர். பணத்தை விடுங்கள், பயம் வேறு. அங்கே மில்லிக்கு 100 யூனிட். நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 36 என்ற கோடு 0.9 மில்லி. அந்த ஊர் மருந்தை அதே கோடு வரை இழுத்தால் உடம்பில் இறங்குவது 90 யூனிட். தலைகீழாக, அங்குள்ள ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் நம் மருந்தை இழுத்தால் 36-க்கு 14.4 தான் கிடைக்கும். முதல் தவறு உயிரையே வாங்கிவிடும். நம் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு மட்டும் என்று பை மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

திரும்பி வந்தபோது பையில் திறக்காத குப்பி 2, சிவப்பு மூடி சிரிஞ்சு 30, ஸ்டிரிப் 31. சாம்பார்ப்பொடி 0.