இரண்டு மணி நேரச் சர்க்கரைத் தண்ணீர்

எதிர்வீட்டு அக்கா போன செவ்வாய்க்கிழமை தன் இளைய மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போய் வந்தார். மகளுக்கு ஆறாவது மாதம். சாயந்திரம் டீ டம்ளரைக் கையில் கொடுத்ததும் மனதில் கிடந்ததைக் கேட்டார்.

"சுகர் இருக்கான்னு பார்க்க ஒரு பாக்கெட் குளுக்கோஸையே கரைச்சுக் குடிக்கச் சொல்றாங்களே தம்பி, இல்லாத பொண்ணுக்கும் அதனாலயே வந்துடாதா? மூணாம் மாசமே ஒரு தடவை குடிச்சா. இல்லைன்னுதான் சொன்னாங்க. மறுபடியும் எதுக்கு?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். வரிசையில் நிற்கும் நூறு பேருக்கு நடுவே நர்ஸம்மாவுக்கு இதை உட்கார்ந்து விளக்க நேரம் இருந்திருக்காது.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது 75 கிராம் குளுக்கோஸ். நாம் டீக்குப் போடும் ஸ்பூன் கணக்கில் பதினைந்துக்குக் குறையாது. அதை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். கிணற்றில் ஊற்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரை இறைத்துத்தானே பார்க்கிறோம்? அதுபோல உடம்புக்கு வேண்டுமென்றே ஒரு சுமையைக் கொடுத்து, அதைச் சமாளிக்கிறதா என்று பார்க்கிறார்கள். கணையம் போதுமான இன்சுலின் சுரந்தால், இரண்டு மணி நேரத்தில் அளவு 140-க்குக் கீழே இறங்கிவிடும். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. ஒருமுறை குளுக்கோஸ் குடித்ததால் யாருக்கும் சர்க்கரை நோய் வந்துவிடாது. உள்ளே ஒளிந்திருப்பது வெளியே தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கான பதில் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. பிள்ளைக்குத் தடையில்லாமல் சர்க்கரை கிடைக்க வேண்டும் என்பதற்காக, நஞ்சு சுரக்கும் சில ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை முழுவேகத்தில் வேலை செய்யவிடாமல் தடுக்கும். இது இயற்கை செய்துவைத்த ஏற்பாடு, நோய் அல்ல. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு அது முடிவதில்லை. நஞ்சு வளர வளரத் தடையும் வளரும் என்பதால், மூன்றாம் மாதத்தில் தேறிய பெண் ஆறாம் மாதத்தில் தவறலாம். 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி குடிக்கச் சொல்வது அதனால்தான். முதல் பரிசோதனை வேறு ஒன்றுக்கு: கருவுறும் முன்பே சர்க்கரை இருந்து, அது தெரியாமலே இருக்கும் பெண்களைக் கண்டுபிடிக்க.

அக்கா விடவில்லை. "அப்படியே இருந்தாலும், பிள்ளைக்கு என்ன ஆகும்?"

தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சைக் கடந்து பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் கடக்காது. அதனால் வந்து குவியும் சர்க்கரையைக் கையாள அந்தச் சின்னஞ்சிறு கணையமே அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்கிறது. பிள்ளை கொழுத்து வளர்கிறது. "நாலு கிலோ, நல்ல புஷ்டியான குழந்தை" என்று நாம் மகிழ்ந்த சில பிரசவங்களில் இதுதான் நடந்திருக்கும். தோள் சிக்கிக்கொள்ளும், பிரசவம் கடினமாகும். பிறந்து தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால் குழந்தையின் ரத்தச் சர்க்கரை சட்டென்று தாழும். இப்படிப்பட்ட குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் பார்ப்பதும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி விரட்டுவதும் இதற்காகத்தான்.

பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்று நிலையத்தில் சொன்னது அக்காவுக்கு இன்னொரு ஆச்சரியம். இந்த நாட்டுக்கு அந்த முறையை வகுத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். வெறும் வயிற்றில் வா, மூன்று முறை ரத்தம் கொடு என்பது வெளிநாட்டு நடைமுறை. காலை ஆறு மணிக்கு எழுந்து சமைத்து, டவுன் பஸ் பிடித்துப் பதினொரு மணிக்கு வந்து சேரும் கர்ப்பிணியிடம் "சாப்பிட்டுட்டியா? நாளைக்கு வா" என்றால் அவள் மறுநாள் வரமாட்டாள். அதனால் எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, ஒரே முறை ரத்தம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இந்த முறை சிலரைத் தவறவிடுகிறது என்று வாதிடும் மருத்துவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. இருந்தாலும், பாதிப் பேர் வராத துல்லியமான பரிசோதனையைவிட எல்லோரும் வரக்கூடிய பரிசோதனைதான் அரசாங்கம் நடத்தத் தகுந்தது என்பது என் எண்ணம்.

சேஷய்யாவும் குழுவினரும் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் இந்தச் சர்க்கரை இருந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர். குண்டாக இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மட்டும் பார்த்தால் போதும் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. 2007-லேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று ஆக்கியது. மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014-ல் வந்து, 2018-ல் திருத்தப்பட்டது.

பரிசோதனை இலவசம் என்றால் மட்டும் ஆள் வந்துவிடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி அதற்குக் கைகொடுத்தது. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. 2018-ல் முதல் தவணையைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்வதோடு சேர்த்துக் கட்டினார்கள். நிறைந்த மாதத்தில் வந்து நின்ற பெண்கள் மூன்றாம் மாதத்திலேயே வரத் தொடங்க அந்தக் காசும் ஒரு காரணம். வந்த இடத்தில் ரத்த அளவு, பிரஷர், எச்ஐவி என்று மற்றவையும் நடந்துவிடும்.

சர்க்கரை இருக்கிறது என்று வந்தால் பயப்பட வேண்டாம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டு முறைதான். மூன்று வேளைச் சோற்றை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து, காய் பருப்பைக் கூட்டி, கொஞ்சம் நடப்பது. பெரும்பாலோருக்கு இதுவே போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே வரவில்லை என்றால்தான் மாத்திரை, இன்சுலின். "ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். தடை போட்டது நஞ்சு. பிரசவத்தில் அது வெளியேறியதும் அநேகருக்கு ஊசியும் நின்றுவிடும்.

நின்றுவிடுவதால்தான் எனக்குக் கவலை. இந்தச் சர்க்கரை வந்துபோன பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏழு மடங்கு அதிகம் என்று 2009-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அதனால் பிரசவமான ஆறாவது வாரம் மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சமயம் அவள் தாய் வீட்டில் இருப்பாள். பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருக்கும். இந்த முறை வெறும் வயிற்றிலும் ரத்தம் எடுக்க வேண்டும், பால் கொடுக்கிறவளுக்கோ பசி தாங்காது. பிள்ளை நன்றாகப் பிறந்துவிட்டது, இனி எதற்கு என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி. புதன்கிழமை காலையில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு அந்தத் தாய் பக்கத்து நிலையத்துக்கு வருகிறாள். அந்த ஊசியை ஒரு வீடும் தவறவிட விரும்பாது. அதே காலையில் தாயின் கையிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் ஒரே அட்டைதானே கொடுக்கிறோம்? ஆறாவது வாரக் கட்டம் நிரம்பாமல் அடுத்த தவணை இல்லை என்று அரசு ஒரு வரி சேர்த்தால், பன்னிரண்டாவது வாரப் பதிவில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "மூத்தவளுக்கு முதல் பிரசவத்துல இன்சுலின் போட்டாங்க தம்பி. அஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் யாரும் பார்க்கவே இல்லை."

"இப்பவும் பார்க்கலாம்க்கா. அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறாங்கன்னா, உண்டாகறதுக்கு முன்னாடியே பார்த்துடணும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடிச்சுக்கச் சொல்லுங்க. காலையில வெறும் வயித்தோட போகட்டும். முதல் பிரசவத்து அட்டை இருந்தா மறக்காம எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அட்டை பீரோவில்தான் இருக்கிறது என்று சொல்லி, மூத்தவளுக்குப் போன் போட எழுந்து போனார்.