தூக்க மாத்திரையும் குடும்பமும்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் உள்ளது எங்கள் விளாங்குடி. அங்கே என் அண்டை வீட்டு அம்மையார், கணவரை இழந்த துயரில் உறக்கமின்றித் தவித்தார். மருத்துவர் இரண்டு வாரத்திற்கு அல்பிரசோலம் மாத்திரை எழுதித் தந்தார். ஈராண்டு சென்றும் மாத்திரை நிற்கவில்லை.

மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளுக்கு வலுவூட்டுவது இம்மருந்து. நாள்தோறும் உட்கொண்டால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். நேற்றுப் போதிய அளவு இன்று போதாது.

இம்மாத்திரை வாங்குவோர் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு காக்கவேண்டும் என்பது 2014 மார்ச்சு முதல் சட்டம். அதனால் சில கடைகள் மறுத்தன. கல்லூரியில் பயிலும் மகன், பழைய சீட்டை ஏந்திக் கடை கடையாக அலைந்தான், உறவினரிடம் பொய் சொன்னான், தேர்வில் தவறினான். தாயின் நடுக்கத்தைக் கண்ட பிள்ளை வேறென்ன செய்வான்?

"மன உறுதியிருந்தால் இன்றே விடலாம்" என்று அம்மையாருக்கு உபதேசித்தவன் நான். அவரும் விட்டார். மூன்றாம் நாள் வலிப்புக் கண்டது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பின்னர் மனநல மருத்துவர் ஒருவர், பல மாதங்களில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்தார். முதல் நாள் அவர் நெடுநேரம் பேசியது அம்மையாரிடம் அன்று, மகனிடம்.