முடியாத தொடரைத் தொடலாமா? ஃபேன்டஸி ரசிகர்களின் 'வெயிட்டிங்' சிக்கல்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடர் 2019-லேயே முடிந்துவிட்டது. அதற்கு மூலமான நாவல் வரிசைதான் இன்னும் முடிந்தபாடில்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் வந்தது 2011-ல். ஆறாவதுக்கு ரசிகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். பேட்ரிக் ரோத்ஃபஸ்ஸின் மூன்று பாகக் கதையிலும் இரண்டாம் பாகம் வந்தது அதே 2011-ல்தான். மூன்றாவதைக் காணோம்.

சூடு கண்ட பூனையாகிவிட்ட வாசகர்கள் பலர், 'முழுசா முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்' என்கிறார்கள். முடிந்த வரிசைகளாகத் தேடிப் படிக்கிறார்கள். லியு சிஷினின் 'த்ரீ-பாடி' மூன்று பாகங்கள், 14 பாக 'வீல் ஆஃப் டைம்' என்று. இதிலும் ஒரு கண்டம் இருந்தது. 'வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டான் 2007-ல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன்தான் 2013-ல் கதையை முடித்துவைத்தார்.

கோபம் நியாயம்தான். ஆனால் மார்ட்டினுக்கு இதனால் என்ன நஷ்டம்? புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றாயிற்று. அடி விழுவது புதுசாக எழுத வருபவருக்கு. முதல் பாகம் விற்காவிட்டால் அடுத்ததைப் போடப் பதிப்பகம் தயங்கும். எல்லோரும் காத்திருந்தால் அந்தக் கதை பாதியிலேயே நின்றுவிடும். அதனால் புது எழுத்தாளர் என்றால் முதல் பாகத்தை இப்போதே வாங்கிடுங்க. படிப்பதை வேண்டுமானால் தள்ளிப்போடலாம்.