கல்வராயன் மலைக்கு எந்த வில்?

வில் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில், மானுக்கு 40 பவுண்டு இழுவிசையாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சியில் வில் வாங்க நினைப்பவர் அந்தக் கணக்கை விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஆயுதங்களை விளக்கும் இடத்தில் வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கல்வராயன் மலையாளிப் பழங்குடியினருக்கு மரபுரிமை கிடையாதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நிலத்துக்கும் சிறு வன மகசூலுக்கும் உரிமை தந்த 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. மிஞ்சுவது இலக்குப் பலகை. அது ஒன்றும் சின்ன விஷயமில்லை: ஒலிம்பிக்கில் 70 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 12.2 செ.மீ.

விலங்கு இல்லையென்றால் முரட்டு விசையும் தேவையில்லை. அதனால்தான், கழற்றி மாட்டும், முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லையே முதல் வில்லாகச் சொல்வேன். சிறுவருக்கு 14 முதல் 18 பவுண்டு, பெரியவருக்கு 20 முதல் 24 பவுண்டு போதும். பலம் கூடும்போது நடுப்பிடியை வைத்துக்கொண்டு வில்லின் மேல், கீழ்க் கைகளை மட்டும் மாற்றலாம். காம்பவுண்ட் வில் சுலபமில்லையா என்பார்கள். சுலபம்தான், முழுதாக இழுத்தபின் கப்பிகள் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் அதற்குக் கலப்பு இரட்டையர் போட்டி உண்டு. ஆனால் அதன் இழுப்பு நீளத்தை ஆளுக்கேற்ப அமைக்க வேண்டும். நாண் மாற்றப் பெரும்பாலும் தனி அழுத்தக் கருவி வேண்டும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் வளரும் பிள்ளைக்கு இது தோதுப்படாது. கையில் காசு குறைவென்றால் மூங்கில் வில்லில் தொடங்குவதில் தவறில்லை. 'இந்தியன் ரவுண்ட்' போட்டிகளே அதற்கென நடக்கின்றன. ராஜஸ்தான் பழங்குடியினரான லிம்பா ராம் மூங்கில் வில்லோடு வளர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர். ஆனால் அந்த அரங்கில் அவர் ஏந்தியதும் ரிகர்வ்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு பொதுவாக 28 அங்குல இழுப்புக்கானது; ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறையும். நாணைத் தாடை வரை இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்திப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் இன்னும் லேசான வில்லைக் கேளுங்கள். அம்பு பூட்டாத நாணை மட்டும் சட்டென்று விட்டுவிடாதீர்கள். வில்லே விரிசல் விடும்.